இரவில் விழித்திருக்கும் காது

அம்மா இறந்து ஆறு வாரங்கள் ஆகியிருந்த ஓர் இரவில், வீட்டில் ஏதோ ஒரு மின்சாதனம் பழுதாகிவிட்டது என்று நினைத்துத்தான் படுக்கையிலிருந்து எழுந்தேன். மெலிதாக, ஆனால் மூச்சு விடும் இடைவெளிகூட இல்லாமல், 'கொய்ங்' என்று ஓர் ஒலி கேட்டுக்கொண்டே இருந்தது. மின்விசிறியை நிறுத்தினேன். குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன். அப்படியும் நிற்காததால் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டு இருட்டில் நின்றேன். வீடு முழுவதும் அடங்கிய பிறகு அந்த ஒலி முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. கடைசியாக இரண்டு காதுகளையும் உள்ளங்கைகளால் அழுத்திப் பொத்தினேன். ஒலி இன்னும் பெரிதாயிற்று. வெளியே தேடிக்கொண்டிருந்தது எனக்குள்ளேதான் இருக்கிறது என்று புரிந்த அந்த நொடியின் திகிலை மூன்று வருடங்கள் கழித்தும் என்னால் மறக்க முடியவில்லை.

இந்த ஒலியைப் பற்றி எழுத வேண்டுமானால் அதற்கு முந்தைய பதினான்கு மாதங்களைப் பற்றியும் எழுதியாக வேண்டும். பக்கவாதத்தில் விழுந்த அம்மாவுக்குப் பேச்சு போய்விட்டது. வலது கையும் காலும் செயலிழந்தன. இடது கையால் மட்டும் ஒரு கரண்டியைப் பிடிக்க முடிந்தது. கட்டிலருகே ஸ்டூலில் ஓர் எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தோம். ஏதாவது வேண்டுமென்றால் கரண்டியால் அதன் அடியில் இரண்டு முறை தட்டுவார். 'டிங், டிங்.' அந்தச் சத்தம் தவறாமல் கேட்க வேண்டும் என்பதற்காக அடுத்த அறையில் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு படுப்பேன். சில வாரங்களிலேயே, முதல் தட்டு முடிந்து இரண்டாவது தட்டு விழுவதற்குள் என் கால் தரையில் இருக்கும் என்ற நிலைக்கு வந்துவிட்டேன். உடம்பு உறங்கினாலும் காது உறங்கியதில்லை. வேலையை விட்டிருந்தேன், சேமிப்பு கரைந்துகொண்டிருந்தது, மருத்துவச் செலவைப் பங்கிடுவதில் அண்ணனுக்கும் எனக்கும் வந்த வார்த்தைகளால் இருவரும் பேசுவதையே நிறுத்தியிருந்தோம். ஒரு விடியற்காலையில் அம்மா போய்விட்டார். அன்றைக்கு டம்ளர் தட்டப்படவில்லை. தூக்கத்தில் போனாரா, தட்ட முயன்று முடியாமல் போனாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

இரைச்சல் வந்த முதல் சில வாரங்களில் அது வெறும் ஒற்றை ஒலியாகவே இருந்தது. பிறகுதான் அதற்குள்ளிருந்து இன்னொன்று கேட்கத் தொடங்கியது. உறக்கம் பிடிக்கும் நேரத்தில், அந்த ரீங்காரத்துக்கு நடுவே, மிகத் துல்லியமாக இரண்டு தட்டுகள். எழுந்து ஓடி, காலியான கட்டிலின் முன்னால் நின்றிருக்கிறேன். ஒரு முறை அல்ல, அந்த மாதத்தில் பல முறை. அந்த டம்ளரை நான் ஏற்கெனவே சமையலறை அலமாரியின் மேல்தட்டில், மற்ற பாத்திரங்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. காதில் இரைச்சல் என்று சொல்வதே தயக்கமாக இருந்தபோது, செத்துப்போன அம்மா டம்ளரைத் தட்டுவது கேட்கிறது என்று எப்படிச் சொல்வது? எனக்குப் புத்தி பேதலித்துக்கொண்டிருக்கிறது என்றே முடிவு செய்திருந்தேன். விசேஷங்களுக்குப் போவதை நிறுத்தினேன். தோழிகளின் அழைப்புகளை எடுக்கவில்லை. இசைமேதை பேத்தோவன் 1801ஆம் ஆண்டில் தம் மருத்துவ நண்பர் வேகெலருக்கு எழுதிய கடிதத்தில், தம் காதுகள் இரவும் பகலும் இரைந்துகொண்டே இருப்பதாகவும், 'எனக்குக் காது கேட்கவில்லை' என்று மனிதர்களிடம் சொல்ல முடியாததால் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளாக எல்லாக் கூட்டங்களையும் தவிர்த்து வருவதாகவும் குறிப்பிட்டிருக்கிறார் என்பதைப் பிற்பாடு படித்தபோது, இரைச்சலைவிட அந்த ஒளிந்துகொள்ளல்தான் என் நெஞ்சில் தைத்தது. நோயை மறைப்பதற்குச் செலவிடும் சக்தி, நோயைத் தாங்குவதற்குத் தேவைப்படும் சக்தியிலிருந்துதான் போகிறது.

நான் முதலில் பார்த்த காது மூக்கு தொண்டை மருத்துவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். அழுக்கு அடைப்பு இல்லை, செவிப்பறையும் நன்றாக இருக்கிறது என்றார். "நரம்புத் தேய்மானம், ஒன்றும் செய்ய முடியாது, பழகிக்கொள்ளுங்கள்" என்று எழுதிக்கொண்டே சொன்னார். அடுத்த நோயாளியை அழைக்கும் மணி ஒலித்தது. 'பழகிக்கொள்ளுங்கள்' என்பது பொய் அல்ல. பெரும்பாலானோருக்கு உண்மையில் நடப்பதும் அதுதான். ஆனால் எப்படிப் பழகுவது என்று சொல்லாமல் அந்தச் சொல்லை மட்டும் கையில் கொடுத்து அனுப்புவது, நீச்சல் தெரியாதவரைத் தண்ணீரில் தள்ளிவிட்டு 'நீந்திக்கொள்ளுங்கள்' என்பதற்குச் சமம். அதன் பிறகு வந்த இரவுகளில் ஒன்றில், இந்தச் சத்தத்தோடு இன்னும் எத்தனை வருடம் என்று கணக்குப் போட்டு, வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வரை போய்த் திரும்பினேன். அதையும் இங்கே மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் இதே எண்ணத்தோடு இதைப் படிப்பவர் ஒருவர் இருக்கக்கூடும். மறுநாள் காலையில் என் பழைய தோழி ஒருத்தியிடம் அதைச் சொன்னேன். அவள் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. கிளம்பி வந்து, நான் செவித்திறன் நிபுணர் ஒருவரைப் பார்க்கும் நாள் வரை என் வீட்டிலேயே தங்கினாள். உங்களுக்கும் அந்த எண்ணம் வந்தால் விடியும் வரை காத்திருக்காமல், அந்த இரவிலேயே யாரையாவது எழுப்பிச் சொல்லுங்கள், மருத்துவரிடமும் மறைக்காதீர்கள்.

அந்த நிபுணர் ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஒரு பெண்மணி. ஒலிபுகாத சிறிய அறையில் என்னை உட்கார வைத்து, ஹெட்ஃபோனை மாட்டி, முதலில் வழக்கமான செவித்திறன் பரிசோதனையைச் செய்தார். உயர்ந்த சுருதிகளில் மட்டும் என் கேள்திறன் கொஞ்சம் குறைந்திருந்தது. அதற்குப் பிறகு, "இப்போது உங்கள் சத்தத்தைத் தேடுவோம்" என்றார். ஒவ்வோர் ஒலியாக அனுப்பி, இதைவிடக் கூர்மையா, மழுங்கலா என்று கேட்டுக் கேட்டு நெருங்கினார். ஆறாயிரம் ஹெர்ட்ஸை ஒட்டிய ஓர் இடத்தில் நான் கையை உயர்த்தினேன். இதுதான். எனக்குள் மட்டுமே இருந்த ஒன்று முதன்முறையாக வெளியிலிருந்து, ஓர் இயந்திரத்திலிருந்து, இன்னொரு மனிதரின் கைவிரல் அசைவில் எனக்குக் கேட்டது. அழுதுவிட்டேன். அடுத்து அதன் உரப்பை, அதாவது அது எவ்வளவு பலமாக ஒலிக்கிறது என்பதை, அளந்தார். என் மதிப்பில் அது பிரஷர் குக்கர் விசில் அளவுக்கு இருந்தது. அவர் காட்டிய எண், அந்தச் சுருதியில் எனக்குக் கேட்கத் தொடங்கும் அளவைவிட வெறும் ஆறு டெசிபல் அதிகம். பெரும்பாலானோருக்கு அந்த அளவு இப்படித்தான் சிறியதாக வரும் என்றார். அப்படியென்றால் நான் பொய்யாகத் துன்பப்படுகிறேனா என்று கேட்டேன். "இல்லை. சத்தம் சின்னது. உங்கள் மூளை அதற்குக் கொடுத்திருக்கும் முக்கியத்துவம் பெரியது. வேதனை இரண்டாவதிலிருந்து வருகிறது" என்றார்.

அவர் விளக்கியதையும் பின்னர் நானே படித்ததையும் சேர்த்து, எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். நம் உட்செவியில் நத்தைக்கூடு போல் சுருண்ட உறுப்பு ஒன்று இருக்கிறது. அதில், ஒரு காதுக்குச் சுமார் 15,000 என்ற கணக்கில், நுண்ணிய மயிர்செல்கள் இருக்கின்றன. ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றுபவை அவை. வயது, பேரிரைச்சல், சில மருந்துகள் ஆகியவற்றால் அவை அழிந்தால் மனிதர்களுக்கு மீண்டும் வளர்வதில்லை. ஒரு பகுதியிலிருந்து செய்தி வருவது குறைந்தால், மூளை அந்தப் பகுதிக்கான உணர்திறனைக் கூட்டி வைத்துக்கொள்கிறது என்பது இப்போது பரவலாக ஏற்கப்படும் விளக்கங்களில் ஒன்று. நிலையம் கிடைக்காத வானொலியில் ஒலியளவை முழுவதும் திருகினால் இரைச்சல் கேட்குமே, ஏறக்குறைய அதைப் போல. கையை இழந்தவர்கள் இல்லாத விரல்களில் வலியை உணர்வதோடு இதை ஒப்பிடுவோரும் உண்டு. ஆரோக்கியமான காதுகளிலும் இந்த இரைச்சலின் விதை இருக்கிறது. 1953இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இரு ஆய்வாளர்கள், கேள்திறன் இயல்பாக இருந்த 80 பேரை ஒலிபுகாத அறையில் உட்கார வைத்து என்ன கேட்கிறது என்று விசாரித்தபோது, நூற்றுக்கு 94 பேர் வீதம் ரீங்காரம், இரைச்சல், துடிப்பு என்று ஏதோ ஒன்று கேட்பதாகச் சொன்னார்கள்.

அப்படியானால் சிலருக்கு மட்டும் அது ஏன் வாழ்க்கையையே விழுங்குகிறது? 1990இல் பாவெல் யாஸ்ட்ரெபாஃப் என்ற நரம்பியல் ஆய்வாளர் முன்வைத்த கோட்பாடு இதற்கு ஒரு பதிலைத் தருகிறது. செவிப்பாதையில் எழும் பலவீனமான ஒரு நரம்புச் செய்தி, மூளையின் உணர்ச்சிப் பகுதிகளோடும், ஆபத்து வந்தால் நெஞ்சைப் படபடக்க வைக்கும் தன்னியக்க நரம்பு மண்டலத்தோடும் பிணைந்துவிட்டால், மூளை அதை அபாயச் சங்காக எடுத்துக்கொள்கிறது. அபாயச் சங்கை யாராலும் கேட்காமல் இருக்க முடியாது. பயந்தால் கவனிக்கிறோம், கவனித்தால் பெரிதாகக் கேட்கிறது, பெரிதாகக் கேட்டால் இன்னும் பயப்படுகிறோம். துக்கம், கடன், வேலையிழப்பு, தூக்கமின்மை ஆகியவற்றால் நரம்புகள் ஏற்கெனவே முறுக்கேறிக் கிடக்கும் காலத்தில் இந்தச் சுழல் எவ்வளவு எளிதாகத் தொடங்கும் என்பதை நான் என் உடம்பில் கண்டிருக்கிறேன்.

இவையெல்லாம் எனக்கு உதவின. ஆனால் திருப்பம் நடந்தது அந்த நிபுணர் கேட்ட ஒரு கேள்வியில்தான். பரிசோதனை முடிந்து ஃபைலை மூடியவர், "அம்மா படுத்திருந்தபோது ராத்திரியில் நீங்கள் எப்படித் தூங்கினீர்கள்?" என்று கேட்டார். கதவைத் திறந்து வைத்ததையும் டம்ளரையும் முதன்முறையாகச் சொன்னேன். சொல்லத் தொடங்கியதும் நிறுத்த முடியாமல், இப்போதும் அந்தத் தட்டல் கேட்பதையும் சொல்லிவிட்டேன். அவர் முகத்தில் நான் பயந்த எந்த மாற்றமும் தெரியவில்லை. "பதினான்கு மாதம் காதுக்கு ஒரு வேலை கொடுத்து வைத்திருந்தீர்கள். அந்த வேலை முடிந்துவிட்டது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை" என்றார். காவலுக்கு நிறுத்திய காது காத்திருந்த சத்தம் வராததால், கிடைத்த சத்தத்தைப் பிடித்துக்கொண்டது. இதை எந்தக் கருவியாலும் நிரூபிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். என்றாலும் என் துன்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

தட்டல் சத்தத்தைப் பற்றிய என் பயத்தைத் தெளிய வைத்தது ஒரு பழைய ஆய்வு. வேல்ஸைச் சேர்ந்த டெவி ரீஸ் என்ற குடும்ப மருத்துவர், துணையை இழந்த 293 பேரை நேரில் சந்தித்துப் பேசி, 1971இல் தம் முடிவுகளை வெளியிட்டார். ஏறக்குறைய பாதிப் பேர் இறந்தவரின் இருப்பை ஏதோ ஒரு விதத்தில் உணர்ந்திருந்தார்கள்; நூற்றுக்குச் சுமார் 13 பேர் குரலையே கேட்டிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதை அதுவரை எவரிடமும் சொல்லியிருக்கவில்லை. அந்தக் கடைசிச் செய்தியைப் படித்தபோது, அறிமுகமே இல்லாத அத்தனை பேரோடும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. துக்கத்தில் கேட்கும் இத்தகைய ஒலிகள் வேறு, நம்மைத் திட்டுகிற, கட்டளையிடுகிற குரல்கள் வேறு. பின்னது கேட்டால் மனநல மருத்துவரைத் தாமதமின்றிப் பார்க்க வேண்டும்.

சிகிச்சையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முழு அமைதியில் படுக்கக் கூடாது என்பது முதல் பாடம். மழைச் சத்தத்தை ஒலிபெருக்கியில் மெல்ல ஓடவிட்டேன். இரைச்சலை மூழ்கடிக்கும் அளவுக்கு அல்ல, அதைவிட ஒரு படி தாழ்வாக. மூழ்கடித்துவிட்டால் மூளைக்குப் பழகுவதற்கு எதுவும் இருக்காது. கேள்திறன் குறைந்தவர்களுக்குக் காதுக் கருவியே பாதி மருந்து என்றார் அந்த நிபுணர். எனக்கு அது இப்போதைக்குத் தேவைப்படவில்லை. எண்ணங்களையும் நடத்தையையும் சீரமைக்கும் உளவியல் சிகிச்சைக்கு ஒரு மனநல ஆலோசகரிடம் சில மாதங்கள் போனேன். அது ஒலியைக் குறைக்காது, ஒலி தரும் துயரத்தைக் குறைக்கும் என்று தொடக்கத்திலேயே நேர்மையாகச் சொல்லிவிட்டார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட மதிப்பாய்வின் சாரமும் ஏறக்குறைய அதுதான். அதற்கு முன்பே, நள்ளிரவுத் தேடலில் கண்ட விளம்பரங்களை நம்பி ஜிங்கோ என்ற மூலிகை மாத்திரையும் துத்தநாக மாத்திரையும் வாங்கி விழுங்கியிருந்தேன். அவற்றைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் கழகம் 2014ஆம் ஆண்டு வழிகாட்டுதலிலேயே சொல்லியிருக்கிறது. வேதனையில் இருப்பவரிடம் நம்பிக்கையைப் புட்டியில் அடைத்து விற்பவர்கள் மீது எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

ஒரு தவறையும் சொல்ல வேண்டும். தினமும் காலையில் இரைச்சலுக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு ஒரு நோட்டில் எழுதி வந்தேன். முன்னேற்றத்தை அளக்கிறேன் என்று நினைத்தேன். உண்மையில், கண் விழித்ததும் முதல் வேலையாக அதைத் தேடிப் பிடித்து உற்றுக் கேட்கும் பயிற்சியை எனக்கு நானே கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆலோசகர் அந்த நோட்டை மூடச் சொன்னார். அதற்குப் பதிலாக, இரைச்சலைப் பற்றி என் மனம் சொல்லும் வாக்கியங்களை எழுதச் சொன்னார். 'இனி ஒரு நாளும் நிம்மதியாகத் தூங்க மாட்டேன்' என்பது முதல் நாள் எழுதியது. சில வாரங்களில் இன்னொரு வாக்கியம், நான் எதிர்பாராமலே, கைக்கு வந்தது: 'அன்றைக்கு அம்மா தட்டியிருந்தால், நான் கேட்காமல் தூங்கியிருந்தால்?' அதற்கும் இரைச்சலுக்கும் என்ன சம்பந்தம் என்று பேனாவை வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரம், மேல்தட்டிலிருந்து டம்ளரை இறக்கினேன். அடிப்பகுதியில் கரண்டி பட்டுப் பட்டு, ஒரே இடத்தில் நெல்லளவில் சிறு பள்ளங்கள் விழுந்திருந்தன. அம்மாவின் இடது கை எப்போதும் ஒரே இடத்தில்தான் தட்டியிருக்கிறது. அதே ஸ்டூலில் கவிழ்த்து வைத்து, அதே கரண்டியால் இரண்டு முறை தட்டினேன். என் நினைவில் இருந்ததைவிட அது மழுங்கலாக, தாழ்வாக, சட்டென்று அடங்கிவிடுகிற சத்தமாக இருந்தது. இரவுகளில் எனக்குக் கேட்டதோ கூர்மையாக, நீண்டு ஒலித்தது. இரண்டும் ஒன்றல்ல என்று என் காதே தெரிந்துகொண்டது. அம்மா போன நாளில்கூட அழாத அளவுக்கு அன்றைக்கு அழுதேன். சாயங்காலம் அண்ணனை அழைத்தேன். இரண்டு நிமிடம் இருவருமே பேசவில்லை. பிறகு அவர், "எனக்கும் அந்த டம்ளர் சத்தம் கேட்கும் பாப்பா" என்றார். அவர் வந்து தங்கிப் பார்த்துக்கொண்ட இரவுகள் மொத்தமே இருபதுதான் இருக்கும்.

இதே தொல்லையோடு இருப்பவர்கள் சில விஷயங்களில் காலம் தாழ்த்தக் கூடாது. கேள்திறன் திடீரென்று குறைந்தால் அதே நாளில் மருத்துவரைப் பாருங்கள், ஏனென்றால் அதற்கான மருந்து தொடக்க நாட்களில்தான் நன்றாக வேலை செய்கிறது. ஒரு காதில் மட்டும் இரைச்சல், நாடித்துடிப்போடு ஒத்துத் துடிக்கும் இரைச்சல், தலைசுற்றலோடு வரும் இரைச்சல் ஆகியவற்றுக்கும் பரிசோதனை கட்டாயம் தேவை. உடன் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: 'எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே' என்று சொல்லாதீர்கள். உங்களுக்குக் கேட்காது என்பது எங்களுக்குத் தெரியும். 'இன்றைக்கு எப்படி இருக்கிறது?' என்று தினமும் விசாரிக்கவும் வேண்டாம். அதுவும் அந்த மதிப்பெண் நோட்டைப் போலத்தான். பக்கத்தில் உட்கார்ந்து வேறு எதையாவது பேசினாலே போதும்.

தட்டல் சத்தம் டம்ளரை இறக்கிய பிறகு நான்கைந்து முறை வந்தது. ஒவ்வொரு முறையும் எழுந்து ஓடாமல், "தூங்கும்மா" என்று படுத்தபடியே சொன்னேன். பிறகு வரவில்லை. சில இரவுகளில் அது வராததுகூட வலித்தது. இரைச்சல் நிற்கவில்லை, இந்த வரியை எழுதும்போது, நினைத்ததுமே, இதோ இருக்கிறது. ஆனால் இதற்கு முந்தைய பத்தியை எழுதியபோது அது எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது.

மூன்று வருடங்களாக என் படுக்கையறைக் கதவு திறந்தேதான் கிடந்தது. அதற்குக் காரணம் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றியதில்லை, பழக்கம், அவ்வளவுதான். சென்ற மாதம் ஒரு நாள் காற்றுக்கு அது ஆடிக்கொண்டே இருந்தது. எழுந்து போய்ச் சாத்தினேன், தாழ்ப்பாளும் போட்டேன். திரும்பி வந்து படுத்து, மழைச் சத்தத்தின் ஒலியளவைக் கொஞ்சம் குறைத்தேன்.